பெற்றோர் அல்லது பாதுகாவலர்

ராஜபாளையம்,
பிப்ரவரி 9

அன்பு மகள் ஜெயசித்ராவுக்கு,

உன் மகள் மாரிச்செல்வி, உன்னைப் பெற்றவளைப் போல எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், மிக்ஸி மட்டும் சுகமில்லை. அங்கே மும்பையில் நீயும் உன் விடுதிச் சோறும் எப்படி என்று அறிய ஆவல்தான், ஆவலைவிடக் கோபம் ஒரு கரண்டி கூடுதல். பெற்ற தாயைப் பெயர் சொல்லி மகளே என்று அழைக்கிறாளே, கழுதைக்குக் கொழுப்பைப் பார் என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. கடிக்காதே, செத்த நேரம் யோசித்துப் பார். நம் இரண்டு பேரில் விடுதியில் தங்கிப் படிக்கிறவள் நீ. மெஸ் சாம்பாரில் உப்பில்லை என்று போனில் மூக்கை உறிஞ்சுகிறவள் நீ. விடிந்ததும் எழுந்து அரிசி களைந்து போட்டு, பால்காரரிடம் தண்ணீர்ச் சண்டை போட்டு, அப்பாவின் யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டு, தலையைப் பாதி வாரிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறவள் நான். இதில் யார் தாய் யார் பிள்ளை என்று பஞ்சு மார்க்கெட்டில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அதனால் தாய்மார் எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன், நீயும் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி, பாதியில் மூடி வைக்காமல் வாசி. உன் உதவித்தொகை இரண்டாம் வருசத்துக்கும் வருமா, நின்று போகுமா, அதுதானே உனக்குத் தெரிய வேண்டும். சொல்கிறேன், வரிசையாக வருகிறேன். போனில் சொல்ல முடியாது, போன் அப்பா கையில் இருக்கிறது, ஸ்பீக்கரில் போடாமல் அவர் உன்னோடு பேச விடுவதில்லை என்பது உனக்கும் தெரியும்.

முதலில் வீட்டு நடப்பு. மிக்ஸி ஒரு வாரமாக உறுமுகிறது, அரைப்பதில்லை. அப்பாவும் அப்படியே. அவருக்கு மில் கேட்டுக் காவலில் இந்த மாதம் காலை ஷிப்ட், ஆறு மணிக்குள் டிபன் டப்பா கட்டியாக வேண்டும். பட்டாளம் அவரை விட்டு ஏழு வருசம் ஆகிவிட்டது, அவர் இன்னும் பட்டாளத்தை விடவில்லை. இட்லி வட்டமாக இல்லை என்று விளக்கம் கேட்டார். நிலா கூடத்தான் மாசம் முப்பது நாளும் வட்டமாக இல்லை, அதை யாரும் கேட்கிறார்களா என்றேன். வாய் மட்டும் அப்படியே உங்கம்மா என்றார், நான் நன்றி ஹவில்தார் சார் என்று சல்யூட் அடித்தேன். அப்போதெல்லாம் சிரித்துவிடுவார். இது உன் உதவித்தொகைப் பாரம் வருவதற்கு முந்திய கதை. போன மாதம் நீ போனில் ஒன்று சொன்னாய், உன் களப்பணியில் ஒரு குடிசைப் பகுதியில் பதினாலு வயசுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தது என்றும், அதன் அப்பாவிடம் மூன்று நாள் நடையாய் நடந்து பேசித் திரும்பச் சேர்த்துவிட்டாய் என்றும், உங்கள் பேராசிரியர் வகுப்பில் எல்லார் முன்னாலும் உன்னைப் பாராட்டினார் என்றும். சொல்லும்போது உன் குரலில் அம்புட்டு சந்தோசம். நான் அப்போது பள்ளியில் ஸ்பெஷல் கிளாசுக்கு நிற்காமல் ஓடி வந்து உளுந்து கழுவிக்கொண்டிருந்தேன். நல்ல காரியம்தான் செய்திருக்கிறாய், குற்றம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் பேச ராஜபாளையத்திலிருந்து ஓர் ஆள் கிளம்பிப் போனது, என் அப்பாவிடம் பேச எந்த ஊரிலிருந்து ஆள் கிளம்பும் என்று மட்டும் அன்றைக்கு யோசித்தேன். உனக்குக் களப்பணி, எனக்குக் களைப்புப் பணி. உனக்கு உதவித்தொகை, எனக்கு உபத்திரவத் தொகை. இதைச் சொன்னால் என் பெஞ்சுக்காரி ஷெரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இனி அந்தப் பாரத்தின் கதை. உனக்குப் படிப்புச் செலவு கொடுக்கிற டிரஸ்ட், வருசா வருசம் புதுப்பிக்கிற பாரத்தைப் படிக்கிறவளுக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அனுப்புகிற டிரஸ்ட். வீட்டுக்காரர்கள் பாதியில் பிள்ளையைத் திரும்ப இழுத்துக்கொண்டால் கொடுத்ததெல்லாம் வீண் என்று, வருசம் ஒரு தடவை வீட்டின் சம்மதத்தை எழுத்தில் வாங்குகிறார்களாம். பாரத்தின் அடியில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம் என்று ஒரு கோடு. உனக்கு வயசு முப்பத்தொன்பது. மில் விடுதியில் எட்டு வருசம் வார்டனாக இருந்தாய், இருநூறு பிள்ளைகள் ஊருக்குப் போகவும் வரவும் பாதுகாவலர் என்ற இடத்தில் உன் கையெழுத்துத்தான் ஓடியது. அந்தப் பிள்ளைகளின் பாடுகளைப் பார்த்துத்தான் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகசேவைப் படிப்பைப் படிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியது. அப்படிப்பட்ட உனக்கு ஒரு பாதுகாவலர் வேண்டுமாம். இதை நினைத்து நான் ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன், அடுத்த நாள் சிரிப்பு கசந்துவிட்டது. பதிவுத் தபாலில் பாரம் வந்தது ஜனவரி கடைசி வாரம். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு பக்கமும் வாசித்தார். ஞாயித்துக்கிழமை அய்யனார் கோவில் பொங்கல் முடிஞ்சு வந்து நிதானமா போடுதேன் என்று டி.வி. மேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் ரிமோட்டை வைத்தார். ஆக, போடத்தான் இருந்தார். போன வருசம் உன் பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டதும் அவர்தானே. இந்த இடத்தை நன்றாகப் படித்துக்கொள், ஏனென்றால் அவர் போடாமல் போனதற்குக் காரணம் அவர் இல்லை, நான். இதைத்தான் ஸ்பீக்கர் போனில் உனக்கு யாரும் சொல்லவில்லை.

கூமாப்பட்டியிலிருந்து அப்பா வகையறா இரண்டு வேன் நிறைய வந்தார்கள். கோவிலுக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான், பாறையில்தான் பந்தி. போன ஆடி மாதக் கோவில் கொடையிலேயே சிவனாண்டிப் பெரியப்பா, ஊருக்குச் சேவை செய்யப் போனவ வீட்டு அடுப்புக்கு யாரை வச்சிட்டுப் போயிருக்கா என்று எல்லார் காதிலும் விழ அப்பாவைக் கேட்டது உனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. அதை ஆறு மாதமாக வாய்க்குள் வைத்திருந்தேன். இந்தப் பொங்கலுக்குத் தயாராகப் போனேன். உன் பாரத்தைப் பார்த்து அச்சு அசலாக ஒரு விண்ணப்பம் எழுதி, ஜெராக்ஸ் கடையில் இருபத்தைந்து காப்பி எடுத்தேன். தலைப்பு, சமைக்க இயலாத ஆண்களுக்கான சாப்பாட்டு உதவித்தொகை. கீழே பெயர், வயது, கடைசியாகத் தன் தட்டைத் தானே கழுவிய தேதி, சொந்தமாகச் சமைக்க முடியாததற்குக் காரணம், அதற்கு மருத்துவச் சான்று உண்டா, அடியில் பாதுகாவலர் கையொப்பம், மனைவி அல்லது தாய். ஆண்கள் பந்தியில் உட்கார்ந்து கறி வாசனையில் எச்சில் விழுங்கிக்கொண்டிருக்கும்போது சோற்று வாளியோடு போய், பாரம் பூர்த்தி பண்ணாதவர்களுக்குச் சோறு கிடையாது, மேலிடத்து உத்தரவு என்றேன். இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சித்தப்பா காரணம் என்ற இடத்தில் சோம்பேறித்தனம் என்று எழுதி, சித்தியிடம் கையெழுத்து வாங்கி, சோறும் வாங்கிக்கொண்டார். பெண்கள் எல்லாம் அடுப்பை விட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். பெரியம்மா சீனியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பெரியப்பா கண்ணாடி கொண்டுவரவில்லை. இதுல என்னட்டி எழுதியிருக்கு, வாசி என்றார். வாசித்தேன், தட்டு கழுவிய தேதி வரைக்கும். அவர் முகம் மாறிவிட்டது, அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சரிட்டி, உங்கம்மா என்னமோ படிக்காளே, எம்மெஸ் என்னமோ, அப்படீன்னா என்ன என்று கேட்டார். மாரி, சோறு வை, அதுதான் பெரியப்பா எம்.எஸ்.டபிள்யூ. என்றேன். பந்தி முழுக்கச் சிரித்தது. அவர் எழுந்துவிட்டார். கத்தவில்லை, வைத்த சோற்றைத் தொடாமல், இலையைக்கூட மடிக்காமல் எழுந்து வேனைப் பார்த்து நடந்தார். நம்ம வகையறாவில் மூத்தவர் பொங்கல் பந்தியில் பசியோடு எழுந்தால் அது வீட்டுக்கே எவ்வளவு பெரிய அவமானம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். வாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அப்பா செருப்புப் போடாமல் அந்த வெயில் பாறையில் அவர் பின்னாலேயே ஓடினார். இருபது வருசம் சல்யூட் மட்டும் அடித்துப் பழகிய கை, அன்றைக்கு வேன் கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டது. பெரியப்பா உள்ளே இருந்துகொண்டே, பிள்ளை மேல தப்பில்லலே வேலு, தாயை அனுப்பிட்டு வளக்குதேன்னு சொன்ன பாரு, தப்பு உம்மேலதான் என்றார். அதை இரண்டு வேன் ஆட்களும் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. ரிமோட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பாரத்தை மடித்துத் தன் பட்டாளத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். உங்கம்மாவுக்கு ஒரு வருசம் குடுத்தேன், அதுக்கு எங்கண்ணன் இலையிலேர்ந்து எந்திரிச்சாச்சு, போதும், வரச் சொல்லு என்றார். இரண்டு நாள் கழித்து நானே போய்க் கேட்டேன். கூமாப்பட்டி போயி அவிய கால்ல விழு, பொறவு பாக்கலாம் என்றார். போனேன் அம்மா. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வத்திராயிருப்பு பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில். தெருவில் யாரைக் கண்டாலும் கிண்டல் பண்ணுகிற வாயை மூடிக்கொண்டு போனேன். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், விழுந்தேன், தரையில் நெற்றி படும்படி. திருநீறு பூசிவிட்டார். நல்ல பிள்ளை, எனக்கு உம்மேல கோவமே கிடையாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார் என்ற சந்தோசத்தில். அடுத்த மூச்சில், உங்கம்மாவைப் படிப்பை முடிச்சிக்கிட்டு வரச் சொல்லு, அதுதான் நீ கேக்குத மன்னிப்பு என்றார். முடிச்சிக்கிட்டு என்றால் இன்னும் ஒரு வருசம் ஆகும் பெரியப்பா என்றேன். இன்னைக்கோட முடிக்கச் சொல்லுதேன் என்றார். சமையல்கட்டில் பெரியம்மா காபியைக் கையில் கொடுத்துவிட்டு, என் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே, நீ ஏன்டி வந்து விழுந்த, நானே அன்னைக்குத்தான் நாப்பது வருசத்துக்கப்புறம் வாய்விட்டுச் சிரிச்சேன் என்று குசுகுசுத்தாள். இம்புட்டுத்தான் அவளால் முடியும். திரும்பி வந்து அப்பாவிடம் விழுந்துவிட்டேன் என்றேன். அண்ணன் என்ன சொன்னாரு என்று கேட்டார், சொன்னேன். அப்ப அதான் என்று சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அப்பா கையெழுத்துப் போட மாட்டார் என்று தெரிந்ததும் ஷெரின் போனுக்கு அழைத்தாய், மத்தியானச் சாப்பாட்டு மணி, வேப்பமரத்தடியில் நின்று பேசினேன். எதுனாலும் நீ சொல்றதுதான் செல்வி, நீ வாம்மான்னு சொன்னா இன்னைக்கே டிக்கெட் போட்டு வந்திருதேன் என்றாய். அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு பசித்தது தெரியுமா, எட்டு மாதமாக அந்த ஒரு வார்த்தைக்காக வாயைத் திறந்து வைத்திருந்தவள் நான். வா என்று சொல்லியிருப்பேன், நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் யோசித்துப் பார், சொன்னால் என்ன ஆகும். நீ வருவாய், அடுப்பில் நிற்பாய், ஒவ்வொரு வெங்காயத்தை உரிக்கும்போதும் மாரி கூப்பிட்டதால் வந்தேன் என்று நினைப்பாய், கண்ணீரை வெங்காயத்தின் மேல் போடுவாய். அப்பாவும் பெரியப்பாவும் செய்ததை நான் செய்ததாக ஆக்கிவிடுவாய். இரண்டு பெரிய மனுசர்கள் சேர்ந்து முடிச்சுப் போட்டதை, அவிழ்க்கவா வெட்டவா என்று பிள்ளையிடம் கேட்பது என்ன நியாயம். குடும்பத்தில் பிள்ளை மேல் பெரியவர்கள் பாரத்தை ஏற்றக் கூடாது என்று உன் பாடப் புத்தகத்திலேயே ஓர் அத்தியாயம் இருக்குமே, அதைப் படிக்கிற அன்றைக்கு நீ லீவா. பெல் அடிக்கப் போகுதும்மா என்றேன். அப்போது நீ மெதுவாக, நீதான் அப்பா கையெழுத்தை நல்லா போடுவியே என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய், வேடிக்கை மாதிரி. வேடிக்கை எது, வேண்டுதல் எது என்று எனக்குத் தெரியாதா, அது என் தொழில் அல்லவா.

எட்டாம் வகுப்பில் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைப் போட்டதற்கு நீ தோசைக்கரண்டிக் காம்பால் என் புறங்கையில் போட்டாய். கையெழுத்துன்னா ஒரு ஆளோட வாக்கு, அதை நீ எடுத்துப் போடுததும் அவன் வாயை நீ தைக்கிறதும் ஒன்னு என்று சொன்னாய். எனக்கு அது புரிந்தது, அதற்குப் பிறகு நான் பத்துப் பேர் செருப்பை மாற்றி வைத்திருக்கிறேன், கணக்கு வாத்தியார் நாற்காலியில் சாக்பீஸ் பொடி தூவியிருக்கிறேன், யார் கையெழுத்தையும் தொட்டதில்லை. அதே நீ, உனக்கு வேண்டுமென்றதும் அந்தக் கையையே கேட்கிறாய். அன்றைக்கு ஷெரின் தன் டப்பாவிலிருந்து பாதி முட்டையை என் பக்கம் தள்ளினாள், என்னட்டி ஆச்சு என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, எங்கம்மா ரேங்க் கார்டு வந்திருக்கு, கையெழுத்துப் போடச் சொல்லுதா என்றேன்.

நான் அப்பா கையெழுத்தைப் போடவில்லை. சனிக்கிழமை பள்ளி விட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற அந்த டிரஸ்ட் அலுவலகத்துக்குப் போனேன். மாடியில் ஒரே ஓர் அறை, அதில் ஒரே ஒரு பியூலா மேடம். உன்னை நேர்முகம் பண்ணினவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிறவர். ஜெயசித்ரா மக தானே, வாம்மா உக்காரு என்றார். நான் சுற்றி வளைக்காமல், பாதுகாவலர் என்றால் வீட்டுக்காரர்தான் போட வேண்டுமா என்று கேட்டேன். குடும்பத்துல பதினெட்டு முடிஞ்ச யாரு போட்டாலும் சரிதாம்மா, ஆனா இந்த வருசத்துலேர்ந்து ஆதாரோட வந்து எம்முன்னால போடணும் என்றார். ஏன் மேடம் என்றேன். போன வருசம் ஒரு பொண்ணுக்கு வீட்டுல யாரோ கள்ளக் கையெழுத்துப் போட்டு அனுப்பி, வீட்டுக்காரரு வந்து நான் போடலைன்னு சொல்லி, நல்லாப் படிச்ச பொண்ணும்மா, உதவித்தொகை அதோட நின்னு போச்சு என்றார். நீ சிரித்துக்கொண்டே சொன்னதை நான் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீயே பார்த்துக்கொள். இன்னும் எம்புட்டு நாள் இருக்கு என்று கேட்டேன். பதினைஞ்சாம் தேதி கடைசி என்றார். அப்பாவின் மாற்றல் புண்ணியத்தில் ஒன்றாம் வகுப்பை ஜபல்பூரில் ஒரு தடவை, இங்கே ஒரு தடவை என்று இரண்டு தடவை படித்தவள் நான், அதனால் பிளஸ் டூ முடிப்பதற்குள் எனக்குப் பதினெட்டு ஆகிறது. ஒன்பதாம் தேதி வாரேன் மேடம் என்று சொல்லிப் புதுப் பாரம் ஒன்று வாங்கிவந்தேன்.

இன்றைக்குத்தான் ஒன்பது. காலையில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனசில்லை, செய்திருந்தால் உன் பேச்சைக் கேட்ட மாதிரி ஆகியிருக்கும். எதிரில் உட்கார்ந்து, இன்னைக்கு எனக்குப் பதினெட்டுப்பா, அம்மா பாரத்துல நான் கையெழுத்துப் போடப் போறேன், சொல்லிட்டுப் போகலாம்னு இருக்கேன் என்றேன். இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு, வாயில் வைக்காமல் திரும்பத் தட்டிலேயே வைத்தார். அப்ப நான் யாரு என்று கேட்டார். இதற்கு என்னிடம் நாலு பதில் இருந்தது, நாலும் நன்றாக இருக்கும், சொல்லவில்லை. அவர் கோபமாகக் கேட்கவில்லை அம்மா, தெரியாமல் கேட்ட மாதிரி கேட்டார், அதுதான். நீங்க போட்டா நான் போட மாட்டேன்ப்பா என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து, ஜூன் மாசம் உன் காலேஜ் பாரம் வரும்லா, அதைத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வராத, கையெழுத்துப் போடத் தெரிஞ்சவ நீயே எல்லாத்தையும் பாத்துக்கோ என்றார். டிபன் டப்பாவை எடுக்காமலே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். என் பிறந்த நாளுக்கு வீட்டில் நடந்தது இவ்வளவுதான். நீ சாயங்காலம் ஸ்பீக்கரில் வாழ்த்துவாய், நானும் தேங்க்ஸ் சொல்வேன்.

பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பியூலா மேடம் ஆதாரைப் பார்த்து, இன்னைக்குத்தானா என்று கேட்டார், ஆமா என்றேன். பேனாவைக் கொடுத்தார். அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. அப்பா கையெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, உன் கையெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன், தலைமையாசிரியர் கையெழுத்தைக்கூட டெஸ்கில் போட்டுக் காட்டி ஷெரினை மயக்கியிருக்கிறேன். எனக்கென்று ஒரு கையெழுத்து இல்லை. போட்டுப் பார்த்ததே கிடையாது, யாரும் கேட்டதில்லை. பேனாவை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். யோசிக்கணும்னா யோசிம்மா, கட்டாயம் இல்ல என்று அவர் தப்பாகப் புரிந்துகொண்டார். கடைசியில் நோட்டு அட்டையில் எழுதுகிற மாதிரி வே. மாரிச்செல்வி என்று முழுசாக எழுதினேன். மாணவியின் பெயர் ஜெயசித்ரா, பாதுகாவலர் பெயர் மாரிச்செல்வி, மாணவிக்கு உறவு மகள். மேடம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்தினார். இரண்டாம் வருசம் உனக்கு வரும். போதுமா.

உன்னை மன்னித்துப் போட்டேன் என்று நினைத்துவிடாதே, அது வேறு, இது வேறு. நீ நல்லாப் படித்து வந்து நாட்டைத் திருத்துவாய் என்று போடவுமில்லை. நீ பாதியில் வந்தால் இந்த வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் பாதியில் நின்றவர்களாக இருப்போம், அதற்கு நான் ஒருத்தியே போதும் என்று போட்டேன். இனி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு எழுத்தில் உரிமை இருக்கிறது, கேட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, உப்பில்லை என்றால் கொஞ்சம் உப்பை வாங்கி அறையில் வைத்துக்கொள், அதற்குப் போன் போட்டு அழ வேண்டாம். உன் வாளியை யாருக்கும் இரவல் கொடுக்காதே. அந்தக் குடிசைப் பகுதிப் பிள்ளை இன்னும் பள்ளிக்குப் போகிறதா என்று மாசம் ஒரு தடவை போய்ப் பார், சேர்த்துவிட்ட கையோடு மறந்து விடாதே, சேர்த்தபிறகுதான் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பது தெரியும். அப்பாவிடம் என்னைப் பற்றிப் பேசாதே, உன்னைப் பற்றிப் பேசு, அவருக்கு அதுதான் வேண்டும், கேட்க மாட்டார். பெரியம்மாவுக்கு ஒரு தடவை போன் போடு, மத்தியானம் மூன்று மணிக்கு, அப்போது பெரியப்பா தூங்குவார்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். ஜூன் மாதம் என் காலேஜ் பாரம் வரும். அதில் பெற்றோர் என்ற கோட்டைக் காலியாக விட்டு உனக்குத் தபாலில் அனுப்புவேன். எந்தக் காலேஜ், என்ன படிப்பு, எவ்வளவு தூரம், அப்பாவுக்கு யார் சோறு வைப்பார்கள் என்று ஒரு கேள்வி கேட்காமல் நீ கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் உன்னிடம் கேட்காமல் போட்ட மாதிரி. போடுவாய் என்று நம்பவில்லை, போட்டாக வேண்டும் என்று சொல்லி வைக்கிறேன்.

எல்லா மதிப்பெண்ணும் பெற்று, பல்லும் கண்ணும் கெடாமல், நீடூழி படி.

இப்படிக்கு,
உன் பாதுகாவலர்
வே. மாரிச்செல்வி
(உறவு: மகள்)